முன் இடது சக்கரம்

கம்சாயினியின் அழைப்பு வந்தபோது றொனால்ட் தன் கராஜில் ஒரு லொறிக்கு அடியில் படுத்திருந்தான்.

"றொனால்ட் அண்ணன், பிரேக்கை மிதிச்சா பெடல் காலைத் தள்ளுது. விட்டு விட்டுத் தள்ளுது. எனக்குப் பயமா இரிக்கு."

முந்தின நாள்தான் அவளுடைய பிக்கப்பின் முன் இடது சக்கரத்தில் பெயாரிங் மாற்றிக் கொடுத்திருந்தான். அவள் கணவன் மதுஷனுக்குக் கட்டாரில் வேலை. உன்னிச்சை வயலுக்கு விதைநெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, நான்கு வயது மகளோடு அவளே வண்டியை ஓட்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

"எங்க நிக்கிறீங்க?"

"ஆயித்தியமலை தாண்டிட்டன். ஓரமா நிப்பாட்டித்தான் கோல் எடுக்கிறன்."

"ஸ்டியரிங்கும் நடுங்குதா?"

"ஓம். வலையிறவுப் பாலத்தில லேசா இருந்தது. இப்ப இன்னும் கூடிட்டு."

"பிரேக் டிஸ்க் கோணியிருக்கும். பயப்படாதீங்க, மெதுவாப் போங்க. நாளைக்குக் கொண்டுவாங்க, பாப்பம்."

போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்தவன் அப்படியே கிடந்தான். டிஸ்க் ஒரே நாளில் கோணாது. நேற்று வண்டி வந்தபோது பெடலில் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு மாறியது, அவன் கழற்றிப் பூட்டிய அந்தச் சக்கரம் மட்டும்தான்.

சக்கரத்தை மாட்டி, ஆறு நட்டுகளையும் கையால் சுழற்றி விட்டிருந்தான். ஜாக்கியை இறக்கிய பிறகு ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டும். ஜாக்கியை இறக்கியதும் நினைவிருந்தது, வாசலில் யாரோ கூப்பிட்டதும் நினைவிருந்தது. இறுக்கியது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

சக்கரம் தளர்ந்தால் டிஸ்க் ஆடும். டிஸ்க் ஆடினால் பெடல் காலைத் தள்ளும். கடைசியில் சக்கரமே கழன்று போகும். அவனோ மெதுவாகப் போகச் சொல்லிவிட்டான்.

அவளுக்குத் திரும்பத் திரும்பப் போன் எடுத்தான். தொடர்பு கிடைக்கவில்லை. உன்னிச்சைப் பக்கம் சிக்னல் அப்படித்தான். சக்கர ஸ்பேனரையும் ஒரு பிடி நட்டுகளையும் பையில் திணித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

பாலம் கடந்ததும், வவுணதீவில் பஸ்ஸை முந்தியதும் அவனுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குள், அவள் கடக்க வேண்டிய உன்னிச்சைக் குளத்து அணைக்கட்டுதான் நின்றது. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பள்ளம். ஆயித்தியமலைக்கு முன் தெருவோரம் நாலைந்து பேர் கூடி நின்றார்கள். வேகத்தைக் குறைத்தான். மாடு ஒன்று கன்று போட்டிருந்தது.

அதற்கு அப்பால் இரண்டு மைல் போனதும் ஒரு மருத மரத்தடியில் பிக்கப் நின்றது. கம்சாயினி மகளை மடியில் வைத்துக்கொண்டு வேரில் இருந்தாள்.

"நீங்க சொன்னதக் கேட்டு கொஞ்சத் தூரம் ஓடினன்," என்றாள். "டக் டக்கெண்டு சத்தம் வந்துது. அதுக்கு மேல ஏலாமப் போச்சு. நிப்பாட்டிட்டன். உங்களுக்கு எடுக்கவும் சிக்னல் இல்ல."

றொனால்ட் சக்கரத்தின் முன் குந்தினான். ஆறில் இரண்டு நட்டுகளைக் காணவில்லை. மூன்றாவது, விரல் பட்டதும் கழன்று மண்ணில் விழுந்தது.

வேறு எதையாவது சொல்லித் தப்பியிருக்கலாம். அவளுக்குத் தெரிய வழியில்லை.

"டிஸ்க் இல்ல தங்கச்சி. நான்தான். நேத்து நட்டை இறுக்காம விட்டுட்டன்."

அவள் சக்கரத்தைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள்.

"புள்ளயையும் ஏத்திக்கிட்டெல்லோ வந்தனான்," என்றாள். குரல் உயரவில்லை. அது அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

புது நட்டுகளைப் போட்டு ஒவ்வொன்றாக இறுக்கினான். முடிந்ததும் அவள் சாவியைக் கொடுத்தாள்.

"நீங்க முதல்ல ஓடிப் பாருங்க. அணைக்கட்டு வரைக்கும் போய்த் திரும்பி வாங்க."

தனியே போய் வந்தான். அணைக்கட்டில் மூன்று தரம் பிரேக் பிடித்தான். பெடல் அசையாமல் நின்றது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அவள் மகளைத் தூக்கி இருக்கையில் வைத்து பெல்ட் போட்டாள்.

"நாளைக்கு வேற ஆளிட்டயும் காட்டுவன். கோவிக்காதீங்க."

"காட்டுங்க," என்றான் றொனால்ட்.

வயல் வரைக்கும் அந்தச் சக்கரத்தைப் பார்த்தபடி மோட்டார் சைக்கிளில் இடது ஓரமாகப் பின்னாலேயே போனான்.