கண்டெடுத்த பொருள்கள்

அந்த ஹோட்டலின் முன்வாசலில் நான் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. நான்கு வருடம் அங்கே வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் எங்களுக்கு வழி பின்பக்கம், குப்பை வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில். முன்வாசலில் உயரமான வெள்ளைத் தூண்கள், பித்தளைக் கைப்பிடி, கதவைத் திறந்துவிட ஒரு ஆள். அந்த ஆள் எனக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். நான் வேண்டுமென்றே ஆற அமர நடந்தேன். அம்மா என் பின்னால் செருப்புச் சத்தம் கேட்காமல் வந்தாள்.

வர மாட்டேன் என்றுதான் அடம் பிடித்தாள். பல்வலி என்றாள், முட்டிவலி என்றாள், பூனைக்கு யார் சோறு வைப்பது என்றாள். அந்த ஹோட்டலின் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருடம் நீராவியில் வெந்தவள், ஒரு நாளாவது அங்கே கட்டிலில் படுத்து எழுந்திருக்கட்டும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். அது பாதிப் பொய். 'இவள் திருடவில்லை' என்று ஒரு மனுஷன் தன் வாயால் சொல்ல வேண்டும், அதை அம்மா தன் காதால் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

அந்த மனுஷனுக்கு நாங்கள் வைத்த பெயர் கையுறை. அறைகளுக்கு மேற்பார்வையாளர். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியிலும் கதவின் மேல் சட்டத்திலும் தடவிப் பார்ப்பார். விரல் நுனியில் துளி அழுக்குப் பட்டால் அன்றைக்கு யாருக்கோ சனிதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் 218ஆம் அறை அம்மையாரின் வைரக் கைச்சங்கிலி காணாமல் போனது. அந்த அறையைச் சுத்தம் செய்தவள் நான். ஒரே மணி நேரத்தில் திருடியைப் பிடித்துவிட்டதாகப் பெரிய மேனேஜரிடம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டார் கையுறை. எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, அவர்கள் கண் முன்னால் என் பையைக் கவிழ்த்துக் கொட்டி, பின்வாசல் வழியாக அனுப்பினார். பையில் சீப்பும் தலைவலி மாத்திரையும்தான் இருந்தன. அதற்குப் பிறகு எந்த ஹோட்டலும் என்னைச் சேர்க்கவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அம்மாவைத்தான் பொறுக்க முடியவில்லை. 'எடுத்தியா' என்று அவள் கேட்கவில்லை. 'நீ எடுத்திருக்க மாட்டே' என்றும் சொல்லவில்லை. நான் திரைச்சீலை தைக்கக் கற்றுக்கொண்டேன், கடை போட்டேன், இன்றைக்கு எட்டு மெஷின் ஓடுகிறது. தம்பி கல்யாணத்தை நடத்தியதும் நான்தான். அம்மா சோறு போட்டாள், தலை வாரிவிட்டாள், காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே கிடந்தாள். அந்த ஒரு வார்த்தை மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை. பெற்றவளே என்னைத் திருடி என்று நம்புகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

போன வருடம் ஆஸ்பத்திரி வரிசையில் ஹோட்டலின் பழைய டெலிபோன் ஆபரேட்டர் அக்காவைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் அவள் சொன்னாள், கைச்சங்கிலி மூன்றாம் நாளே கிடைத்துவிட்டதாம். ஊருக்குப் போன அம்மையார் நன்றி சொல்லக் கூப்பிட்டபோது லைன் போட்டுக் கொடுத்தவளே இவள்தானாம். எனக்கு எப்போதோ தெரிந்திருக்கும் என்று நினைத்தாளாம். நான் டாக்டரைப் பார்க்காமலே வீட்டுக்குத் திரும்பினேன். எந்த மருந்துக்கு அடங்கும் அந்தக் கோபம்?

எனக்குக் கை கொடுத்தது அந்த ஹோட்டலின் பெருமைதான். பழசு என்றால் எதையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். ஓட்டை வாளி, துருப்பிடித்த சாவி, செத்துப்போன சமையற்காரரின் தொப்பி. விருந்தினர் விட்டுவிட்டுப் போவதை எடுப்பவர்கள் ஒப்படைக்கும்போது எழுதிவைக்கும் பதிவேடு ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் கையால் எழுதிய கடைசிப் பதிவேடும் அந்தப் பெட்டிக்குள் போயிருந்தது. தினமும் மாலை நான்கு மணிக்கு விருந்தினரைக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சுற்றிக்காட்டுவார்கள். முடிவில் ஒரு வேடிக்கை. யாராவது ஒரு தேதி சொன்னால், அன்று என்ன கிடைத்தது என்று பதிவேட்டைப் பிரித்துப் படிப்பார்கள். ஹோட்டலின் விளம்பரப் படத்தில் அதைப் பார்த்தேன். படித்துக்கொண்டிருந்தவர் கையுறை.

ஓய்வு பெற்ற பிறகும் அவருக்குக் கோட்டு மாட்டி நிறுத்தியிருந்தார்கள். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அடித்தவனுக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? அம்மா ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று ஒரு தேதி சொன்னது. ஒரு செட் பொய்ப்பல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து நான் சொன்னேன், அந்த மூன்றாம் நாளின் தேதியை.

அவர் கண்ணாடியைச் சரிசெய்து, பக்கத்தைப் புரட்டி, கதை சொல்லும் குரலில் படித்தார். வைரக் கைச்சங்கிலி ஒன்று. அறை 218. தலையணை உறைக்குள் இருந்தது. கடைசி வார்த்தையில் குரல் இறங்கிவிட்டது. பதிவேட்டை மூடப் போனார்.

"கண்டெடுத்தவர்னு ஒரு கட்டம் இருக்குமே. அதையும் படிங்க" என்றேன்.

சுற்றிலும் ஆட்கள். படித்தார். "சலவைப் பிரிவு. நாற்பத்தேழு."

நாற்பத்தேழு அம்மாவின் எண். அவளுடைய சீருடையில், பைக்கு மேலே, அந்த எண்ணைச் சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்தவளே நான்.

தூணுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடமாக மனப்பாடம் செய்துவைத்திருந்த பேச்சில் ஒரு வரிகூட எனக்கு நினைவு வரவில்லை. அந்த அறையைச் சுத்தம் செய்தவள் நான்தான் என்று மட்டும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். கையுறையின் முகம் வெளுத்தது. விருந்தினர் முன்னால் பேச்சு வளர வேண்டாம் என்று எங்களை மாடிப்படிக்குக் கீழே இருந்த அவருடைய சின்ன அறைக்கு அவசரமாகக் கூட்டிப்போனார்.

அங்கே முதலில் பேசியது அம்மாதான். "தம்பிக்கு அப்ப கடைசி வருஷப் படிப்புடி. இவர்கிட்ட கொண்டுபோய்க் குடுத்தப்ப, வெளிய சொன்னா என் வேலையும் போயிரும்னாரு. உனக்கு வயசிருக்கு, எப்படியும் பொழச்சுக்குவேன்னு நெனச்சேன்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். என் விஷயத்தில் பாவம் தினமும் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

கையுறை மன்னிப்புக் கேட்டார். எனக்கு அது வேண்டாம், எழுதித் தரச் சொன்னேன். ஹோட்டல் பெயர் அச்சடித்த தாளில், நான் சொல்லச் சொல்ல எழுதினார். 218ஆம் அறையைச் சுத்தம் செய்த பெண் திருடவில்லை. இது மூன்றாம் நாளே இரண்டு பேருக்குத் தெரியும். கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

தாளை அம்மா பக்கம் திருப்பினேன். "நீயும் போடு."

அம்மா பேனாவைத் தொடவில்லை. "இத யார்கிட்டடி காட்டப் போற?"

"உன்கிட்ட காட்டத்தான் வாங்க வந்தேன்" என்றேன். "போடு."

அம்மா எழுத்துக் கூட்டி முழுப் பெயரையும் எழுதினாள். கடைசி எழுத்து முடியும் வரை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.