முப்பது கட்டை

கலியாணசுந்தரத்துக்கு லோரி ஓட்டத் தெரிந்த அளவுக்கு வாயை அடக்கவும் தெரிந்திருந்தால், இந்தக் கதையே நடந்திருக்காது.

ஜப்பான்காரன் மலாக்காவுக்கு வந்த இரண்டாம் வருஷம், ராணுவ டிப்போவில் இரண்டு புத்தம்புதிய சின்ன லோரிகள் வந்து இறங்கின. ஒன்று இவனுக்கு. இன்னொன்று, காஜா பேராங்கில் இவன் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்த தேவதாஸுக்கு. வெளியில் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடக் கிடைக்காத காலம் அது. பழைய இங்கிலீஷ் லோரிகள் கேலனுக்குப் பன்னிரண்டு கட்டை ஓடினாலே பெரிய விஷயம். கட்டை என்றால் மைல். சாலையோரத்து மைல்கல்லைப் பார்த்து ஆறாம் கட்டை, ஏழாம் கட்டை என்று ஊருக்கே பெயர் வைத்துப் பழகிய சனங்களுக்கு வேறு கணக்குத் தெரியாது.

புது லோரியில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு தெங்கேரா, புக்கிட் ரம்பாய், பத்து பெரெண்டாம் என்று மூன்று நாள் சுற்றிவிட்டு, ஓடிய தூரம் காட்டும் மீட்டரைப் பார்த்தான் கலியாணசுந்தரம். நூற்றைம்பது. குடித்த பெட்ரோல் ஐந்து கேலன். மீட்டர் எண்களுக்குக் கீழே பூச்சி நசுங்கினதுபோல் ஒரு ஜப்பான் எழுத்து இருந்தது. அதை யார் படிக்கப்போகிறார்கள்? "கேலனுக்கு முப்பது கட்டை!" என்று டிப்போ முழுக்கக் கேட்கும்படி கத்தினான். அது போதாதென்று சாயங்காலம் காப்பிக்கடையில் காலை ஆட்டிக் காட்டி, "வண்டி பாதி, இந்தக் கால் பாதி. மிதிக்கத் தெரியணும்ல?" என்று வேறு அளந்தான்.

டிப்போவில் கணக்கு எழுதும் கிராணி ராஜரத்தினம் அதை முப்பது மைல் என்று அழகான கையெழுத்தில் எழுதி ஜப்பான் அதிகாரியிடம் நீட்டினார். அதிகாரிக்கு ஏகப்பட்ட சந்தோஷம், மேலிடத்துக்கும் அனுப்பிவிட்டான். மறுநாளே இரண்டு புது லோரிக்கும் அதுதான் சட்டம். தம்பின் ஊருக்குப் போக இருபத்து நான்கு கட்டை, வர இருபத்து நான்கு கட்டை. அதற்கு இரண்டு கேலன் என்பதே தாராளம் என்று முடிவாயிற்று.

தம்பினுக்கு முதலில் போனவன் தேவதாஸ். திரும்பி வரும்போது பதினோராம் கட்டையில் பெட்ரோல் தீர்ந்து அவன் லோரி நின்றுபோனது. மிச்சத்தை யாருக்கு விற்றாய் என்று கேட்டு, ராணுவப் போலீஸ் அவனை இழுத்துக்கொண்டு போனது. அங்கே போய்த் திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அன்றைக்கே தேவதாஸின் பெண்டாட்டி பொன்னம்மா தலையைக்கூட முடியாமல் ஓடிவந்து இவன் வாசலில் நின்றாள்.

"அண்ணே, அவரு ஒரு சொட்டுகூட விக்கல. என் புள்ளைங்க மேல சத்தியம். உங்க வண்டி மட்டும் எப்படிண்ணே முப்பது ஓடுது?"

"எனக்கு ஓடுதேம்மா. இல்லாததையா சொன்னேன்?" என்றான் கலியாணசுந்தரம். அவள் போனபிறகு தன் மனைவி ருக்மணியிடம், "கஷ்டம்டி. ரெண்டு புள்ள வேற. வித்துத்தான் இருப்பான்," என்றான். ருக்மணி மரவள்ளிக்கிழங்கை ஓங்கி ஓங்கி வெட்டினாள்.

மூன்றாம் நாள் காலையில் அதிகாரி இவனைக் கூப்பிட்டான். அவன் சொன்னதை ராஜரத்தினம் உதட்டை நனைத்து நனைத்து மொழிபெயர்த்தார். அதே தம்பின், அதே பாரம், அதே இரண்டு கேலன். பெட்ரோல் மூடிக்கு முத்திரை வைத்தாயிற்று. கூடவே ஒரு சிப்பாய் வருவான். லோரி டிப்போவுக்குத் திரும்பி வந்துவிட்டால் தேவதாஸ் திருடன்; அவன் கதை முடிந்தது. வராவிட்டால் கலியாணசுந்தரம் ராணுவத்துக்கே பொய்க் கணக்குக் கொடுத்தவன்.

முப்பது முப்பதுதானே, கண்ணால் பார்த்த கணக்குத்தானே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு வண்டியை எடுத்தான். நடுவில் ராஜரத்தினம். அந்தப் பக்கம், துப்பாக்கியை முழங்காலுக்கிடையில் நிறுத்திக்கொண்டு சிப்பாய்.

ஊருக்குள் சுற்றும்போது மைல்கல்லை யார் பார்ப்பார்கள்? இன்றைக்குப் பயத்தில் ஒவ்வொரு கல்லாகப் பார்த்தான். ஐந்தாம் கட்டை வந்தது. மீட்டரில் எட்டு ஏறியிருந்தது. தான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டான். பத்தாம் கட்டை வந்தது. மீட்டரில் பதினாறு.

கல் நகராது, இருபது வருஷமாக அதே இடத்தில்தான் நிற்கிறது. அப்படியானால் இந்த மீட்டர் எண்ணுவது கட்டையே இல்லை. வேறு எதையோ எண்ணுகிறது. ஐந்து கட்டைக்கு எட்டு என்று எண்ணுகிறது. அந்தக் கணக்கில் முப்பது என்பது... பத்தொன்பதுகூடத் தேறவில்லை. தேவதாஸ் பதினோராம் கட்டையில் நின்றது சரியான கணக்கு. அவன் ஒரு சொட்டும் விற்கவில்லை. அவனைப் பிடித்துக் கொடுத்தது இந்த நாக்கு.

"கிராணியாரே," என்றான் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மீட்டர் மைல் காட்டலைங்க. நாம எழுதிக் கொடுத்தது தப்பு."

சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. ராஜரத்தினத்துக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவர் முகம் வெளுத்தது. கல்லையும் மீட்டரையும் அடுத்த இரண்டு கட்டைக்கு அவரும் பார்த்தார்.

"சுந்தரம், இதை வெளிய சொல்லாதே. எழுதினது நான். சொன்னது நீ. ரெண்டு தலையும் போயிரும்."

"தேவதாஸு?"

"அவனை நாமளா அடிக்கச் சொன்னோம்? நீ வண்டியைப் பாரு. இறக்கத்துல எஞ்சினை நிறுத்து. ஏத்தத்துல மெதுவா மிதி. உன் காலுக்கு முடியும். வீடு போய்ச் சேரு, அவ்வளவுதான்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்தக் காலுக்கு முடியும். மற்ற விஷயங்களில் எப்படியோ, மிதிப்பதில் கலியாணசுந்தரம் கெட்டிக்காரன்தான். உயிர்ப்பயம் சேர்ந்துகொண்டதும் கால் இன்னும் பஞ்சாகிவிட்டது. அலோர் காஜா தாண்டி ஒவ்வொரு இறக்கத்திலும் எஞ்சினை அணைத்தான். வண்டி சத்தமில்லாமல் உருண்டது. சிப்பாய் தூங்கி விழுந்தான். தம்பினில் முத்திரையை உடைத்து, சிப்பாய் முன்னாலேயே குச்சியை விட்டு அளந்தார்கள். சரிபாதி, ஒரு கேலன், மிச்சம் இருந்தது.

ராஜரத்தினம் நெஞ்சில் கையை வைத்து மூச்சு விட்டார். "முருகா! இதே மாதிரி போ, போதும்."

இதே மாதிரி போனால் வீடு. ருக்மணி. ராத்திரிக்குக் கிழங்கு. மூன்று வீடு தள்ளிப் பொன்னம்மா. அவள் ஊளையிட்டு அழுவது இப்போதே காதில் விழுந்தது. கலியாணசுந்தரத்துக்கு அழுகை வந்தது. பயத்தில் பாதி, வெட்கத்தில் பாதி. சிப்பாயிடம் சொல்லலாமென்றால் அவனுக்கு மலாயில் நாலு வார்த்தைக்கு மேல் தெரியாது. அதிகாரியிடம் சொல்ல ராஜரத்தினத்தின் வாய் வேண்டும், அது திறக்காது. வண்டி நின்றால்தான் எல்லாருக்கும் புரியும்.

திரும்பும் வழியில் முதல் இறக்கம் வந்தது. பழக்கத்தில் கை சாவிக்குப் போனது. அவன் கையை எடுத்துவிட்டான்.

"நிறுத்துப்பா எஞ்சினை," என்றார் ராஜரத்தினம்.

அவன் நிறுத்தவில்லை. எல்லாரும் ஓட்டுவதுபோல, தேவதாஸ் ஓட்டுவதுபோல ஓட்டினான். ஏற்றத்தில் நன்றாக மிதித்தான். மூட்டைக்கு எண் போடப் பையில் வைத்திருந்த சாக்குக்கட்டியை எடுத்து, ஒவ்வொரு கட்டை தாண்டும்போதும் கல்லின் எண்ணையும் அதற்கு நேரே மீட்டரின் எண்ணையும் எதிரேயிருந்த தகரத்தில் எழுதிக்கொண்டே வந்தான். ராஜரத்தினம் முதலில் திட்டினார், பிறகு கெஞ்சினார், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு முனகத் தொடங்கினார். பதினைந்து, பதினொன்று, எட்டு என்று கட்டைகள் குறைந்துகொண்டே வந்தன. இப்போதும் கெட்டுப்போகவில்லை, காலை எடு, காலை எடு என்று உள்ளே ஒன்று கத்திக்கொண்டே இருந்தது. ஆறாம் கட்டையைத் தாண்டியதும் எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

சிப்பாய் விழித்துக்கொண்டான். "பகேரோ!" என்று ஜப்பானியில் திட்டிக்கொண்டே கலியாணசுந்தரத்தை வெளியே இழுத்துப்போட்டு அறைந்தான். விழுந்தவன் எழுந்து, அவன் சட்டையைப் பிடிக்காத குறையாக வண்டிக்குள்ளே கைகாட்டினான். சாக்குக்கட்டி எழுத்து. ஆறாம் கட்டைக் கல். மீட்டர். எண்களுக்குக் கீழே அந்தப் பூச்சி எழுத்து. "இனி அப்பா?" என்று மலாயில் கேட்டான். இது என்ன?

சிப்பாய் குனிந்து பார்த்தான். கல்லைப் பார்த்தான். மறுபடி சாக்குக்கட்டி எண்களைப் பார்த்தான்.

"கிரோ," என்றான் எழுத்தைத் தட்டி. "கிரோமேத்தோரு." பிறகு கல்லைக் காட்டி, "மைரு," என்றான். ஜப்பான்காரன் வாயில் கிலோமீட்டரும் மைலும் அப்படித்தான் வந்தன. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு இன்னொரு அறை அறைந்தான்.

அதிகாரி சிரிக்கவில்லை. ராஜரத்தினம் இப்போது வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தார்; கன்னத்தில் தமக்குரியதையும் வாங்கிக்கொண்டார். கலியாணசுந்தரம் ஒரு பெரிய விறகுக்கட்டையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி நாலு மணி நேரம் வெயிலில் நின்றான். முப்பது கட்டை என்று பெருமையடித்தவனுக்கு இந்த ஒரு கட்டையே தாங்க முடியவில்லை. ஆனால் தலை கழுத்தில்தான் இருந்தது. தம்பினுக்கு இனி மூன்று கேலன் என்று புதுச் சட்டம் எழுதினார்கள்.

நாலு நாள் கழித்துத் தேவதாஸை விட்டார்கள். பொன்னம்மா அவன் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள். முகம் வீங்கி, ஆள் பாதியாகியிருந்தான். கலியாணசுந்தரம் தெருவில் இறங்கி அவன் முன்னால் போய் நின்றான்.

"தம்பி, தப்பு என்னோடதுடா," என்றான் மெல்ல.

தேவதாஸ் அவன் வாயையே பார்த்தான். "என்னண்ணே?"

"காது கேக்கலண்ணே அவருக்கு," என்றாள் பொன்னம்மா. "ரெண்டு பக்கமும் அறைஞ்சிருக்கானுங்க. சத்தமா சொல்லுங்க."

காப்பிக்கடை வாசலில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். ருக்மணி வாசலுக்கு வந்திருந்தாள். கலியாணசுந்தரம் மூச்சை இழுத்துக்கொண்டான்.

"நான் சொன்ன கணக்குத் தப்புடா! வண்டி பதினெட்டு கட்டைதான் ஓடும்! பதினெட்டு!"

தேவதாஸ் காதோரம் கையைக் குவித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தான்.

"முப்பதாண்ணே?" என்று கேட்டான்.

கலியாணசுந்தரம் அழுதுகொண்டே இன்னும் பலமாகக் கத்தினான்.