இரண்டும் எட்டும்

மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பெரிய மருமகள் போனில் ஒரு வார்த்தை சொன்னால்தான் சின்ன மகன் ஞாயிற்றுக்கிழமை கார் பந்தயத்துக்குப் போகலாம். போன வருஷம் வேறொரு மெக்கானிக் பூட்டிய எஞ்சின் பாதி ஓட்டத்தில் இறுகி, கார் சுவரில் மோதி, நான்கு மாதம் காலில் கம்பியோடு கிடந்தான் அவன். பெற்ற வயிறு வேறு எப்படிப் பேசும்?

இந்த வருஷம் எஞ்சின் பெரிய மருமகளின் கையில். சுழலும் கிராங்குத் தண்டோடு பிஸ்டன்களை இணைக்கும் நான்கு கனெக்டிங் ராடுகளுக்கும் புது பேரிங் போட்டிருந்தாள். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே எண்ணெய் தங்க மயிரிழை இடைவெளி வேண்டும். மெழுகு போன்ற நூலை நடுவில் வைத்து, ராடின் அடியைக் கவ்வும் மூடியை முறுக்கி, திரும்பக் கழற்றி, நூல் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று அளந்தாள். மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்கு இருந்தால் சரி.

முதல் ராடும் நான்காவதும் ஐந்து காட்டின. இரண்டாவது இரண்டு. மூன்றாவது எட்டு.

"சராசரி போட்டா அஞ்சுதானே அண்ணி?" என்றான் கொழுந்தன்.

"ஒரு செருப்பு சின்னது, ஒரு செருப்பு பெருசு. சராசரி போட்டுக்கிட்டு நீ நடந்து போ."

சொன்ன வாயோடு அவளுக்கே சுருக்கென்றது. ஜோடி மாறியிருந்தால்? ஒவ்வொரு மூடியும் அதனதன் ராடில்தான் வட்டமாக உட்காரும்.

"மூடியையெல்லாம் யாரு கழுவுனது?"

"நான்தான். பெட்ரோல்ல போட்டுப் பளபளன்னு ஆக்கிட்டேன்!"

"மார்க்கர்ல புள்ளி வச்சிருந்தேனே?"

"அதுவா? அழுக்குன்னு நெனச்சேன்."

வாய் வரைக்கும் வந்த வசவை விழுங்கினாள். எண் அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் எந்தப் பெட்ரோலும் அழித்திருக்காது. சோம்பல்பட்டது அவள்தான். இப்படியே அவனை ஓட்ட அனுப்பியிருந்தால், எண்ணெய் தங்காமல் போன வருஷம் போலவே எஞ்சின் இறுகியிருக்கும்.

இரண்டு மூடிகளையும் இடம் மாற்றினாள். புது நூல் வைத்து அளந்தாள். ஐந்து. ஐந்து. இந்த முறை எண்களை அழுத்தமாகவே குத்தினாள்.

போன் அடித்தது. 'எல்லாம் சரின்னு சொல்லுங்க' என்று கொழுந்தன் கையைக் கூப்பினான்.

"அத்தை, ரெண்டு மூடிய நான் மாத்திப் பூட்டிட்டேன். அளந்தப்போதான் தெரிஞ்சுது. சரிபண்ணி மறுபடி அளந்துட்டேன். இப்போ நாலும் ஒரே அளவு."

அவ்வளவுதான், பந்தயம் போச்சு என்று அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"போன வருஷம் அந்த மெக்கானிக், எல்லாம் சரியா இருக்கு, கவலையே படாதீங்கன்னு சொன்னான்" என்றார் மாமியார். "சின்னவனைப் போகச் சொல்லும்மா."