பேயாண்டிக்குப் பல் பார்த்த சந்தை

முப்பது வருஷமாக உசிலம்பட்டி மாட்டுச் சந்தையில் என் மாப்ள பேயாண்டி திறந்து பார்க்காத மாட்டு வாய் இல்லை. நானும் தரகன்தான். ஆனால் அவன் கை பட்டால் முரட்டுக் காளையும் வாயைப் பிளந்து பல்லைக் காட்டிவிடும். அப்பேர்ப்பட்டவன் தன் வாயை மட்டும் யாருக்கும் காட்டமாட்டேன் என்று அடம்பிடித்தான்.

இரண்டு மாதமாகக் காரம் பட்டால் அவனுக்குக் கன்னத்துக்குள் எரிகிறது. மோர்ச்சோற்றை விழுங்கிவிட்டு எழுந்துவிடுகிறான். அவன் மனைவி கனகா, எனக்கு ஒன்றுவிட்ட தங்கை, பயந்துபோயிருந்தாள். அந்த வாரம் சந்தைக்குள்ளேயே பந்தல் போட்டு வாய்ப்புற்று பரிசோதனை முகாம் வைத்தார்கள். பல் டாக்டர் ஷெரின் காலையிலிருந்து டார்ச்சும் கையுமாகக் காத்திருந்தார். புகையிலை போடுகிற தரகன் ஒருத்தன்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

"சந்தைக்குள்ள வாயத் தொறந்து காட்டுனா வெலைக்கு நிக்கிறான்னு அர்த்தம். நான் என்ன மாடா?" என்றான் பேயாண்டி. நாங்கள் அத்தனை பேரும் தலையாட்டினோம்.

கனகா நேரே கயிற்றுக் கடைக்குப் போய்ப் புதுக் கயிறு ஒன்று வாங்கி வந்து அவன் தோளில் போட்டாள்.

"சரி, விக்கத்தான் போறேன். அண்ணே, நீங்கதான் தரகு."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தன் பேயாண்டியின் தலையில் சுழி பார்த்தான். இன்னொருத்தன் நடை எப்படி என்று கேட்க, இவன் கோபத்தில் நாலு எட்டு நடந்தான். நடை சுத்தம் என்று ஒப்புக்கொண்டார்கள். நான் டாக்டரை அழைத்து வந்து, அவர் கையையும் கனகா கையையும் சேர்த்துத் துண்டால் மூடினேன். எங்கள் பேரமெல்லாம் துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான். கைமேல் துண்டைப் போட்டுவிட்டால் பல் பார்ப்பது வாங்குகிறவர் உரிமை. அதைத் தடுக்கிறவனைச் சந்தையில் யாரும் மதிக்கமாட்டார்கள். இந்த முறையை என்னிடமே எத்தனை தடவை கத்திச் சொன்னவன் பேயாண்டி! முறைத்துக்கொண்டே வாயைத் திறந்தான்.

டார்ச் வெளிச்சத்தில் கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது. கூட்டம் சிரிப்பை நிறுத்திவிட்டது.

"சதை கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணணும்ணே," என்றார் டாக்டர். "எதுவா இருந்தாலும் ஆரம்பத்துலயே பாத்துட்டோம், சரி பண்ண வழியிருக்கு. புகையில இன்னையோட போச்சு. அப்புறம் வருஷா வருஷம் செக்கப்."

வருஷத்துக்கு எத்தனை தடவை என்பதைத் துண்டுக்குள் பேயாண்டியின் விரலைப் பிடித்துச் சொன்னார்.

"நாலா? ஒரு தடவ வாரேம்மா!"

டாக்டர் பிடியை விடவில்லை. பேயாண்டி தோற்றுப்போன முதல் பேரம் அதுதான். கனகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்களும் இவரும் ஒரே பொட்டலத்துலதான போடுறீக?"

கயிறு என் தோளில் விழுந்தது. இம்புட்டு நேரம் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டே சிரித்த புகையிலையைத் துப்பிவிட்டு, எனக்குத் தரகு பார்க்கத் துண்டை அவளிடம் நீட்டினேன்.