அந்தக் கோடி

...சரி என்று சொல்லிவிட்டால்தான் என்ன, குடியா முழுகிவிடப் போகிறது, வைரவண்ணன் என்ன யாரோ எவரோவா, ஒரே கோயில் பங்காளி, நேமத்தான்பட்டியில் ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற அந்தப் பெரிய வீட்டில் அவரும் நாகம்மை ஆச்சியும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள், பிள்ளை வேண்டி இருபது வருஷமாக ஏறி இறங்காத கோயில் இல்லை, கடைசியில் வாய்விட்டுக் கேட்டேவிட்டார்கள், உன் இளையவனை எங்களுக்குப் பிள்ளை விடு, சுவீகாரம் கொடு என்று, சாத்து நல்ல பையன், ஐந்து வயதுதான் ஆகிறது, ஒட்டிக்கொள்வான்... சாயங்காலம் நாலு மணிக்குப் பதில் கேட்டு வீட்டுக்கு வருகிறார்கள். இப்போது மணி பதினொன்று. முத்தப்பன் தன் கையிலிருந்த நீலக் கேபிளைப் பார்த்தான். இது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கத்தான் பிடித்தான், பிடித்துப் பத்து நிமிஷமாவது ஆகியிருக்கும்.

கல்லூரியின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது அந்த அறை. அறை என்பது மரியாதைக்குச் சொல்வது, முன்பு துடைப்பமும் வாளியும் இருந்த பொந்துதான், மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் வந்த கையோடு சுவரில் ஒரு இரும்புப் பெட்டியை அடித்து, அதற்குள் எல்லாக் கம்ப்யூட்டரையும் இணைக்கிற ஹப்பை வைத்து, எல்லா அறைகளிலிருந்தும் கேபிள்களை இழுத்துக்கொண்டு வந்து செருகிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்தவன் போனவன் எல்லாம் ஆளுக்கொன்று செருகி, இன்றைக்கு இடியாப்பம் மாதிரி கிடக்கிறது. கல்லூரிக்குக் கோடை விடுமுறை. திறப்பதற்குள் இருபத்திரண்டு கேபிளையும் சோதித்து, சீட்டு ஒட்டி, ஒழுங்காகக் கட்டிவிட வேண்டும். சோதிக்கிற கருவி இரண்டு துண்டு. ஒரு துண்டு இவனிடம், மறு துண்டு அந்தக் கோடியில் லேப் அசிஸ்டென்ட் மரிய அனிதாவிடம். கேபிளுக்குள் எட்டுக் கம்பி, எட்டும் சரியாக இருந்தால் அவள் கையில் எட்டு விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாக எரியும்.

"சார், ஒண்ணு, ரெண்டு எரிஞ்சது, மூணு செத்துப்போச்சு, நாலு எரியுது..." இன்டர்காமில் அவள் ஜெபமாலை சொல்வதுபோல வரிசையாகச் சொன்னாள். காளையார்கோவிலிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிற பெண், வாய் ஓயாது. "சார், லைன்ல இருக்கீகளா, தூங்கிட்டீகளா?" இருக்கிறேன், இருக்கிறேன். தூங்கித்தான் மூன்று நாளாயிற்று. நேற்று ராத்திரி மனைவி ரஞ்சனியிடம், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டான். "நீங்களே அப்படிப் போயி வளந்தவுக, உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது, நீங்க என்ன சொல்றீகளோ அதுதான்" என்றாள். சொல்லிக்கொண்டே சாத்துவின் சட்டையை மடித்தாள், மடித்ததை உதறி மறுபடி மடித்தாள்.

உண்மைதானே, அவனுக்குத் தெரியாததா. ஆறு வயது வரைக்கும் அவன் உடையப்பன், கோவிலூரில் நாலு பிள்ளைகளில் மூன்றாவது. ஒரு நாள் புது வேட்டி கட்டிவிட்டார்கள், கூடத்தில் பெரியவர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்க, ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் மஞ்சள் நீரைக் கொடுத்துக் குடி என்றார்கள். லேசாகக் கசந்தது, அவ்வளவுதான் ஞாபகம். மஞ்சள் நீர் குடித்துவிட்டால் வேறு வீட்டுப் பிள்ளை. அன்று சாயங்காலமே பிளசர் காரில் காரைக்குடிக்கு வந்து, முத்தப்பன் ஆகி, புது ஆத்தா மடியில் உட்கார்ந்து அதிரசம் தின்றான், அழுததாக யாரும் சொல்லவில்லை. பெற்றவளை அன்றிலிருந்து சின்னாத்தா என்று கூப்பிடச் சொன்னார்கள், கூப்பிட்டான். புது ஆத்தா அவனைக் கீழே விட்டவள் இல்லை, காய்ச்சல் வந்தால் அவள்தான் சாப்பிடாமல் கிடப்பாள், செத்துப்போகிற வரைக்கும் அவனுக்குத் தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள், மீசை வந்த பிறகும்! யாராவது கொஞ்சம் பரிதாபமாகக் கேட்டால், எனக்கென்ன குறைச்சல் என்பான். பொய்யில்லை. சத்தியமாகப் பொய்யில்லை.

பதினான்காவது கேபிளில் ஒரு வேடிக்கை நடந்தது. முதல்வர் அறை என்று சீட்டு ஒட்டியிருந்தது, முதல்வர் அறையில் போய்ப் பார்த்தால் அனிதாவிடம் ஒரு விளக்கும் எரியவில்லை. அவளை ஒவ்வொரு அறையாக ஓடவிட்டு, கடைசியில் நூலகத்தில் செருகினால் எட்டும் அழகாக எரிகிறது. மூன்று வருஷமாக நூலகத்துக் கம்ப்யூட்டர் அந்தக் கேபிளில்தான் ஓடியிருக்கிறது, ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. பிடுங்கி வேறு இழுக்கலாமா என்று யோசித்தான். "எதுக்கு சார், நல்லாத்தானே ஓடுது, சீட்டை மாத்தி ஒட்டிட்டாப் போச்சு" என்றாள். அவனுக்குச் சட்டென்று மனசு லேசாகிவிட்டது. இதைத்தானே நான் மூன்று நாளாகத் தேடினேன், பெயரை மாற்றினால் என்ன, போன இடத்தில் நன்றாக இருந்தால் போதாதா, நான் இல்லையா... சொல்லிவிட வேண்டியதுதான், வாங்கண்ணே, உங்க பிள்ளைதான், கூட்டிக்கொண்டு போங்க. ஏதோ முடிவாகிவிட்ட மாதிரி சுறுசுறுப்பாகப் பழைய கட்டுகளை வெட்ட ஆரம்பித்தான், அந்தச் சுறுசுறுப்பில் இன்டர்காம் வயரையும் சேர்த்து வெட்டித் தொலைத்தான்.

அனிதாவின் குரல் பாதியில் அறுந்தது. பிறகு செருப்புச் சத்தம், அவளே ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். வெட்டுப்பட்ட வயரைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கதவை நல்லாத் திறந்து வச்சுக்கங்க சார், நான் அந்தக் கோடியில உக்காந்து எத்தனை எரியுதுன்னு விரலைக் காட்டுறேன்" என்று திரும்பி ஓடினாள். அவன் கதவை விரியத் திறந்துவைத்து, ஸ்டூலை நகர்த்திப் போட்டுக்கொண்டான். நீளமான தாழ்வாரம், கோடியில் நூலக வாசல். அவள் வாசலோரம் உட்கார்ந்து பார்த்தாள், தூண் மறைத்தது. நாற்காலியை இழுத்து அங்குட்டுப் போட்டாள், அப்போதும் மறைத்தது. கடைசியில் கொண்டுவந்து தாழ்வாரத்துக்கு நட்டநடுவில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஃபைல் கட்டோடு வந்த பியூன் மலையாண்டி அவள் காலில் இடறப் பார்த்து, "நடக்குற பாதையில இப்படி உக்காந்தா மனுசன் எப்படித் தாயி போறது?" என்று சத்தம் போட்டார். "இங்கன உக்காந்தாத்தான் சார் தெரியிறாக, கொஞ்சம் சுத்திப் போங்கண்ணே."

முத்தப்பன் கையிலிருந்த கேபிளை அப்படியே வைத்திருந்தான். நடக்கிற பாதை... கோவிலூர் வீட்டிலும் நடக்கிற பாதையில்தான். விசேஷங்களுக்குப் போகும்போது அண்ணன் தம்பிகள் எல்லாம் அடுப்படியில் சின்னாத்தாவைச் சுற்றித் தட்டில் சாப்பிடுவார்கள், அவனுக்கு மட்டும் கூடத்தில் இலை, விருந்தாளி அல்லவா. அந்த இலையையும் ஒழுங்கான இடத்திலா போடுவாள், பக்கத்தில் காற்றாடி சுற்றுகிற பத்தித் தாழ்வாரம் அவ்வளவு பெரிதாகக் கிடக்கும், அதை விட்டுவிட்டு வாசல் நிலைக்கு நேரே, போகிறவர் வருகிறவர் முந்தானை முதுகில் உரசுகிற இடத்தில் போடுவாள். காற்று வருகிற பக்கம் போடலாமே என்று கூட வந்திருந்த புது ஆத்தாவே ஒரு தடவை கேட்டுவிட்டாள். "இருக்கட்டும், தம்பி இங்கனயே உக்காரட்டும்" என்றாள் சின்னாத்தா. அவனுக்குச் சுருக்கென்றது. கொடுத்துவிட்ட பிள்ளைக்கு இந்த இடம் போதும் என்று நினைக்கிறாள்... பன்னிரண்டு வயதில் நினைத்தது, இருபதிலும் நினைத்தது, போன கார்த்திகைக்குப் போனபோதும் உள்ளுக்குள் கொஞ்சம் நினைத்துக்கொண்டுதான் குனிந்து சாப்பிட்டான். ஆனால் அந்த வீட்டில் முகப்பிலிருந்து பின்கட்டு வரைக்கும் நிலைகள் எல்லாம் ஒரே நேர்கோடு. அந்த இடத்திலிருந்து கோடு பிடித்த மாதிரிப் போனால் இரண்டாம் கட்டு, அதைத் தாண்டி அடுப்படி, அடுப்பு, அடுப்புக்கு முன்னால் அவள் மணை. காற்றாடிக்குக் கீழே போட்டிருந்தால் அங்கிருந்து இலை தெரியாது. நடைவழியில் போட்டால்தான் தெரியும்.

கேபிளைக் கருவியில் செருகினான். முப்பத்தோரு வருஷம். கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்ள அவளுக்கு உரிமை இல்லை, தலையைத் தடவ உரிமை இல்லை, சாப்பிடுவதைப் பார்க்கலாம், அதற்கு யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. போன பிள்ளைக்கு என்ன குறை என்றுதான் ஊரே கேட்டது, அவனும் அதற்குத்தான் பதில் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தான். வைரவண்ணனுக்கு வைத்திருந்த பதிலும் முழுக்க சாத்துவைப் பற்றியது, சாத்து நன்றாக இருப்பான், இருப்பான்தான்... ரஞ்சனி? அவள் எந்த நிலைக்கு நேரே இலை போடுவாள்? நேற்று ராத்திரி அவளிடம் கேட்டேனே, அது கேட்டதில் சேர்த்தியா, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அல்லவா கேட்டேன்.

தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் அனிதா இரண்டு கையையும் உயர்த்தி எட்டு விரலைக் காட்டிக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டதாக அவன் தலையாட்டினான், எழுந்து கையைத் துடைத்தான். மணி பன்னிரண்டரை. கோவிலூர் இங்கிருந்து கூப்பிடு தூரம், சைக்கிளில் கிளம்பினால் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்விடலாம், எழுபது வயதிலும் சின்னாத்தா இன்னும் அடுப்பை மருமகளிடம் விடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பவனை, என்னப்பா ஏதுப்பா என்று கேட்காமல் முதலில் இலையைத்தான் போடுவாள். இன்றைக்கு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தலையைத் தூக்கி நேரே பார்க்க வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படிப் பார்த்ததில்லை, பார்த்தால் அவள் சிரிப்பாளா, புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிக்கொள்வாளா... பெற்றவள்தான், ஆனாலும் அவனுக்கு அது தெரியவில்லை.