மாற்றல் கேட்காதவள்

ராணுவ நாய்க்கு, அதை நடத்துகிற வீரரைவிட ஒரு படி மேலான பதவி. எழுதிவைத்த சட்டமில்லை, வழக்கம்தான். எரிச்சலில் நாயைக் காலால் எத்தினால் மேலதிகாரியை எத்தியதாக அர்த்தம் என்று சொல்லியே, அமெரிக்காவில், கன்சாஸ் ராணுவ முகாமின் நாய்க் கொட்டிலில் எல்லாரையும் பழக்கியிருந்தார்கள். டெலியா ஒகாம்போ கார்ப்பொரல். ஆகவே அவளுடைய நாய் டாக்கோ சார்ஜென்ட்.

கூட வேலை பார்த்த ட்ராஸ்க்கும் சார்ஜென்ட்தான். அந்த இரண்டு சார்ஜென்ட்டில் ஒழுங்காக நடந்துகொண்டது நாய் மட்டுமே.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, ட்ராஸ்க் வீட்டு விருந்து முடிந்து எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். தட்டுகளை எடுத்துவைக்க நின்ற டெலியாவை அவன் பலாத்காரம் செய்தான். வேண்டாம் என்று அவள் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். திங்கட்கிழமை கொட்டிலில், "குட் மார்னிங், ஒகாம்போ" என்றான், ஒன்றும் நடக்காதது போல. அந்த ஒரு வணக்கத்துக்கே அவனை உள்ளே தள்ளலாம்.

அதற்குள் டெலியா சும்மா இருந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டாள். அங்கே அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் வெர்னெட் ஹாலிஸ். இப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை நிற்பதற்கென்றே முகாமில் நியமிக்கப்பட்ட பெண்மணி.

"ரெண்டு வழி இருக்கு, கண்ணு" என்றார் வெர்னெட். "மூடின புகார், திறந்த புகார். மூடினதுன்னா விஷயம் உனக்கும் எனக்கும் டாக்டருக்கும் தான். வைத்தியம், கவுன்சலிங், வக்கீல் எல்லாம் கிடைக்கும். எடுத்த ஆதாரம் உன் பேர் இல்லாம பத்திரமா இருக்கும். உங்க கேப்டனுக்கு உன் பேரே போகாது. ஆனா அவனை யாரும் ஒரு கேள்வி கேக்கமாட்டாங்க. உன் பக்கத்துல வராதேன்னு உத்தரவும் போட முடியாது."

"திறந்ததுன்னா?"

"விசாரணை வரும், உத்தரவு வரும். நாலு பேர் பேச்சும் கூடவே வரும். மூடினதை எப்ப வேணா திறக்கலாம். திறந்ததைத் திரும்ப மூட முடியாது."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் சொல்லமாட்டேன். ஒருத்தன் உன்னைக் கேக்காம முடிவெடுத்தது போதும்."

டெலியா மூடிய புகாரே போதும் என்றாள். கோழைத்தனம் என்று யாராவது சொன்னால், அவர்கள் ஒரு நாள் அவள் பூட்ஸில் நின்று பார்க்கட்டும். அவளுக்கு இருந்த பயம் டாக்கோவைப் பற்றியது. நாய் கொட்டிலுக்குச் சொந்தம், அவளுக்கு அல்ல. புகார் செய்த பெண்ணை 'உன் நல்லதுக்குத்தான்' என்று வேறு முகாமுக்கு அனுப்பிவிட்டால், டாக்கோ இங்கேயே நின்றுவிடும். ட்ராஸ்க்கின் கையில்கூடச் சிக்கலாம்.

அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் முகத்தில் தினமும் விழித்தாள். அவனைப் பார்த்ததும் டாக்கோ வாலாட்டியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவன் பந்து எறிவான், அது ஓடிப்போய் எடுத்து வரும். அதற்கென்ன தெரியும், பாவம்.

மே மாதம் கடிப்பயிற்சித் தேர்வு வந்தது. ஒருவர் தடித்த மெத்தை உடுப்பை மாட்டிக்கொண்டு குற்றவாளியாக ஓடவேண்டும். நாய் பாய்ந்து கவ்வும். 'விடு' என்றதும் விட்டுவிட வேண்டும். அன்று ஓடும் முறை ட்ராஸ்க்குக்கு. உடுப்பை மாட்டிக்கொண்டே அவள் பக்கம் சாய்ந்தான்.

"என்ன ஒகாம்போ, ரொம்ப நாள் ஆசை போல? நல்லாக் கடிக்கவிடு" என்று சிரித்தான்.

ஆக, அவனுக்கு எல்லாம் தெரியும். செய்தது என்னவென்று தெரிந்தேதான் இத்தனை நாள் வணக்கம் வைத்திருக்கிறான்.

டாக்கோ பாய்ந்தது. கையைக் கவ்வி இழுத்ததில் ட்ராஸ்க் குப்புற விழுந்தான். உடுப்பின் கழுத்துப் பட்டை விலகி, சிவந்த பிடரி தெரிந்தது. 'விடு' என்ற சொல் டெலியாவின் நாக்கில் வந்து நின்றது. கொஞ்சம் தாமதித்தால் போதும், பல் இடம் மாறும். ஆனால் பழி யார் மேல் விழும்? சொல் கேட்காத நாய் என்று டாக்கோவை ஒதுக்கிவிடுவார்கள். இவன் கட்டுப் போட்டுக்கொண்டு வீரனாகத் திரிவான்.

"விடு!" என்று கத்தினாள். டாக்கோ விட்டது, வந்து அவள் காலடியில் உட்கார்ந்தது. தேர்வாளர் தலையசைத்தார்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது வாயைத் திறந்து அவனைக் காப்பாற்றினாள். இத்தனை நாளும் வாயை மூடிக் காப்பாற்றியிருக்கிறாள். இனி முடியாது.

டாக்கோவைக் கூண்டில் விட்டுவிட்டு, நாய் முடி ஒட்டிய உடுப்போடு நேராக வெர்னெட்டிடம் போனாள்.

"திறக்கணும்."

"யோசிச்சியா, கண்ணு? அப்புறம்..."

"மூட முடியாது. தெரியும். அதுக்குத்தான் வந்திருக்கேன்."

மறுநாள் வெர்னெட் துணையோடு கேப்டன் லிண்ட்க்விஸ்ட் முன்னால் நின்றாள். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள்தான் இந்த இடத்தில் சறுக்குவார்கள்.

"விசாரணையை வெளி அதிகாரிங்க பாத்துப்பாங்க, கார்ப்பொரல்" என்றார் மெதுவாக. "நீங்க மாற்றல் கேக்கலாம். உங்க உரிமை அது. டெக்சாஸா, உங்க வீட்டுப் பக்கமா, எங்க வேணும்னாலும் சொல்லுங்க. சீக்கிரம் முடிச்சிடலாம்."

"என் மேலதிகாரி இங்கதான் இருக்கார், சார். அவருக்கு மாற்றல் உத்தரவு எதுவும் வரலையே."

கேப்டன் விழித்தார். "யாரு?"

"சார்ஜென்ட் டாக்கோ, சார்." வெர்னெட் இருமி உதட்டை மறைத்துக்கொண்டார். டெலியா சிரிக்கவில்லை. "தப்புப் பண்ணினவன் இருக்க, நான் ஏன் சார் மூட்டை கட்டணும்? அவனை அனுப்புங்க."

கேப்டன் பேனாவை எடுத்து, ட்ராஸ்க் அவளையோ கொட்டிலையோ நெருங்கக் கூடாது என்ற உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அவனுக்கு முகாமின் மறுகோடியில் கிடங்கு வேலை.

வழக்கு இழுக்கும். வெர்னெட் அதை மறைக்கவில்லை. கொட்டிலில் இரண்டு பேர் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தட்டும் என்று டெலியா கூண்டைத் திறந்தாள்.

பயிற்சித் திடலில் டாக்கோ அங்குமிங்கும் திரும்பி, வாலாட்டியபடி, பந்து எறிகிறவனைத் தேடியது. டெலியா குனிந்து அதன் கழுத்துப் பட்டையை இறுக்கினாள்.

"அவன் வரமாட்டான், சார்ஜென்ட்" என்றாள். "வாங்க, வேலையைப் பாப்போம்."