ஓடினவரின் முதுகு

வேட்டியும் சால்வையும் வைத்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பொரளையில் பிரேதம் வைக்கும் அந்த மலர்ச்சாலையின் உள்ளறைக் கதவை மறித்து நின்றாள் அருந்ததி. நான் பார்க்காமல் அவருக்கு உடுப்புப் போடக் கூடாது, நான்தான் குளிப்பாட்டுவேன் என்று மூன்றாவது தடவையாகச் சொன்னாள். பிரேதங்களுக்கு உடுத்திவிடும் சூசைதாசன் கொச்சிக்கடைப் பக்கத்து ஆள். பதினெட்டு வருடமாக இதே வேலை. அழுது விழுகிற பெண்சாதிமார் எத்தனையோ பேரைத் தூக்கி நிறுத்தியவன்தான், ஆனால் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் வழி மறிக்கிறவளை இதுவரை கண்டதில்லை போலும். கையிலிருந்த துவாயைத் தோளில் போட்டான், பிறகு எடுத்தான்.

"லேடீஸ் உள்ளுக்கு வாறதில்லம்மா. போஸ்ட்மோட்டம் செஞ்ச பொடி. பாத்தா தாங்க மாட்டீங்க."

தாங்குகிறதும் தாங்காததும் என் பாடு என்றாள்.

அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். புருசன் கதிர்காமநாதனைச் சுட்டார்களா, இல்லையா. நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து அந்தக் கேள்வி தொண்டையில் மீன்முள்ளாய் நிற்கிறது. எந்தச் சாவுக்கு அழுவது என்று தெரிந்தால்தானே அழலாம்.

எல்லாரும் சொல்வது இதுதான். வெள்ளவத்தைக் கடையொன்றில் மூக்குக்கண்ணாடி பொருத்துகிற ஐம்பத்திரண்டு வயது மனுசன், வாழ்க்கையில் முதல் தடவையாக அரை மரதன் ஓடப் போனார். இருபத்தொரு கிலோமீற்றர். பதினாலாவதில், இராஜகிரியப் பக்கம், விழுந்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரியும் அதைத்தான் சொன்னது, மரண விசாரணை அதிகாரியும் அதைத்தான் எழுதினார். எழுதியது சிங்களத்தில். அருந்ததியின் சிங்களம் சந்தையில் மரக்கறி வாங்குமளவுக்குத்தான் காணும்.

நம்ப வேண்டுமே! யாழ்ப்பாணத்துப் பாதையை மூடி ஒரு வருடம் தாண்டிவிட்டது. வெள்ளை வானில் கடத்தப்பட்டவர்களின் பெயரை யாரும் உரத்துச் சொல்வதில்லை. பாண் வாங்கப் போனாலும் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் கையில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கொழும்பில் ஒரு தமிழன் விடியாப்புறத்தில் காற்சட்டையோடு தெருவில் ஓடுவானா? இந்த மனுசன் ஓடினார். சீனி வருத்தம் எட்டிப் பார்க்கிறது, நடங்கள் என்று டொக்டர் சொன்னார். நடக்கச் சொன்னால் நடக்க வேண்டியதுதானே. பக்கத்துக் கடையில் மின்சாமான் விற்கிற மர்ஸூக்கைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு கடற்கரை வீதியில் ஓடத் தொடங்கி, இரண்டு, ஐந்து, பத்து என்று ஏறி, கடைசியில் இந்த அரை மரதன் பைத்தியத்தில் வந்து நின்றது.

காற்சட்டைக்கு உள்ளே அடையாள அட்டை வைக்க ஒரு பை தைத்துக் கொடுத்தாள் அருந்ததி. வேறென்ன செய்வது. பிள்ளையில்லாத வீடு, ஒருத்தருக்கு ஒருத்தர்தான் காவல். ஓடத் தொடங்கினால் தனக்கு ஒன்றுமே கேட்பதில்லை, மூச்சு மட்டும்தான் கேட்கிறது என்று அவர் ஒருநாள் சந்தோசமாகச் சொன்னார். யாராவது மறித்தாலும் கேட்காதல்லவா என்று அவள் நினைத்தாள். அவள் பயந்தபடியே இரண்டு மாதத்துக்கு முன் தெகிவளைப் பாலத்தடியில் ஒரு ஆமிக்காரன் நில் என்று கத்த, இவர் பாட்டுக்கு ஓடியிருக்கிறார். அவன் துவக்கைத் தோளிலிருந்து இறக்கிக் குறி வைத்துவிட்டான். மர்ஸூக் ரீ சேட்டில் பிடித்து இழுத்து நிறுத்தி, சிங்களத்தில் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்தார். இதை வீட்டுக்கு வந்து பகிடியாகச் சொல்லிச் சிரித்த மனுசனை என்ன செய்ய? அன்றிலிருந்து விடியற்காலைகளில் அவள் பல்கனியில் நின்று கடற்கரைப் பக்கம் காது கொடுத்தபடி இருந்தாள். பட்டாசு வெடித்தாலும் படியிறங்கி வாசலுக்கு ஓடுவாள்.

நேற்று ஆஸ்பத்திரி வாசலில் மர்ஸூக் அழுதழுது சொன்னார். ஒரு சத்தமும் இல்லை, அல்லாஹ் மேல் ஆணை, கொஞ்சம் நில்லும் என்று சொல்லி வீதி ஓரத்தில் குந்தியவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்றார். மர்ஸூக் நல்ல மனுசர். நல்ல மனுசர்கள்தான் இப்படியான நேரத்தில் பொய் சொல்வார்கள். அதோடு பொலிஸ்காரன் அவளைக் கதிரையில் இருத்தி வைத்து, எந்த ஊர், கொழும்புக்கு எப்போது வந்தது, புலிகள் பக்கம் வன்னியில் யார் இருக்கிறார்கள், ஏன் ஓடினார் என்று கேட்டுக் கேட்டு எழுதினான். நெஞ்சு நின்று செத்தவனுக்கு வன்னியில் யார் இருந்தால் என்ன?

வீட்டுக்கு வந்த சனம் மிச்சத்தைச் செய்தது. மாரடைப்பு என்று சொன்னால் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அந்தத் தலையாட்டல் அவளுக்குப் பழக்கம். சுட்டுக் கொன்றதை வாய்விட்டுச் சொல்ல முடியாத வேறு செத்தவீடுகளில் இதே தலையை அவளும் ஆட்டியிருக்கிறாள். கதிர்காமநாதனின் தமக்கை அன்னபாக்கியம் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தவள், அவளைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டுபோய்ப் பைப்பைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழும் சத்தத்துக்குள் காதோடு சொன்னாள்.

"முன்னாலை வெட்டித் தைச்சிருப்பாங்கள், ஒண்டும் தெரியாது. ஓடுறவனுக்கு முதுகிலைதான் படும். முதுகைப் பார், அருந்ததி."

அதற்காகத்தான் இப்போது இந்தக் கதவடியில் நிற்கிறாள். நாலு மணிக்குக் கனத்தைச் சுடலையில் எரித்துவிட்டால் அதற்குப் பிறகு சாகும்வரை தெரிய வராது.

சூசைதாசன் கடைசியில் விலகி நின்றான். ஐந்து நிமிடம் என்றான்.

சீமெந்து மேசையில் வெள்ளைத் துணியின் கீழே அவர் கிடந்தார். மருந்து நெடி மூக்கைப் பிய்த்தது. நெஞ்சில் சாக்கு வாயைத் தைத்த மாதிரித் தைத்திருந்தார்கள். அதைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தாள். இரண்டு நாள் தாடி. திருப்ப வேண்டும் என்று கையால் காட்டினாள். சூசைதாசன் தோளிலும் இடுப்பிலும் பிடித்து மெல்லப் புரட்டினான்.

முதுகு முழுக்கக் கருநீலமாகக் கிடந்தது.

அருந்ததி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அடித்திருக்கிறார்கள். சுட்டது போதாதென்று அடித்தும் இருக்கிறார்கள். காதுக்குள் கடல் இரைந்தது.

"அது ஒண்ணுமில்லம்மா. ரத்தம் கீழ எறங்கி நிக்கிது. மல்லாக்கப் படுத்துக் கெடக்கிற எல்லாருக்கும் வாறதுதான்," என்றான் சூசைதாசன்.

அவள் உள்ளங்கையை அவருடைய பிடரியில் வைத்தாள். அங்கிருந்து கீழே, தோள்பட்டைகள், நடுமுள்ளு, விலா, இடுப்பு என்று ஒரு விரற்கடை இடம் விடாமல் தடவிக்கொண்டு போனாள். குளிர்ந்த தோல். ரீ சேட் உரசிச் சிவந்த கோடொன்று. வலது பக்கம் ஒரு மச்சம், இருபத்துநாலு வருடம் தெரிந்த மச்சம். வேறொன்றும் இல்லை. ஓட்டை இல்லை, தையல் இல்லை, கீறல்கூட இல்லை. முருகா என்று வாய்க்குள் சொன்னாள். சுடவில்லை. ஒருத்தரும் அவரைத் துரத்தவில்லை. அவர் பயந்து சாகவில்லை. அந்த ஆறுதலில் அவருடைய தோளில் நெற்றியை வைத்தாள்.

பிறகு இன்னொரு தடவை தேடினாள்.

இந்தத் தடவை தலைமயிரை விலக்கிப் பார்த்தாள், காதுக்குப் பின்னால் பார்த்தாள், கக்கத்தைத் தூக்கிப் பார்த்தாள். என்னத்தைத் தேடுகிறாள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

"இல்லம்மா," என்றான் சூசைதாசன் தணிந்த குரலில். "அப்பிடி வாறதுகளையும் நான் கழுவியிருக்கேன். இது அது இல்ல."

வியாழக்கிழமை ஓடிவிட்டு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, நெஞ்சுக்குள் ஏதோ இறுக்குகிற மாதிரிக் கிடக்கிறது என்று அவர் சொன்னார். வழியில் யாரும் மறித்தார்களா என்று கேட்டாள் அவள். இல்லை என்றார். அப்படியென்றால் வாய்வு என்று சொல்லி, இஞ்சி தட்டிப்போட்டுத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, காற்சட்டைப் பைக்குள் அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டாள். அவ்வளவுதான். பிறகு அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவளிடம் பயத்துக்குப் பஞ்சமா இருந்தது? இருந்த பயம் எல்லாவற்றையும் சந்தியில் நின்ற துவக்குக்கே கொடுத்து முடித்துவிட்டாள். அந்த முதுகில் ஒரு ஓட்டை இருந்திருந்தால் யாரையாவது சபித்து அழுதிருக்கலாம். அதை நினைத்தவுடன் தன்னைத்தானே கண்டு நடுங்கினாள்.

குளிப்பாட்டி, வேட்டி உடுத்தி, திருநீறு பூசி முடிக்க அரை மணித்தியாலம் ஆனது. சூசைதாசன் ஐந்து நிமிடக் கணக்கைப் பிறகு எடுக்கவேயில்லை.

முன்மண்டபத்தில் ஏழெட்டுப் பெண்கள் கதிரைகளில் இருந்தார்கள். அவளைக் கண்டதும் கதை நின்றது. அன்னபாக்கியம் கைப்பேசியை நீட்டினாள். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து கதிர்காமநாதனின் தம்பிக்காரன் இராசரத்தினம். கப்பலுக்கோ பிளேனுக்கோ அனுமதி கிடைக்காமல், தமையனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் வழியில்லாமல், ஒரு தொலைபேசிக் கடையில் நிற்கிறான்.

"அண்ணி, பாத்தனீங்களோ?"

"பாத்தனான். முதுகிலை ஒண்டும் இல்லை. நெஞ்சுதான் தம்பி."

இதோடு நிறுத்தியிருக்கலாம். பெண்கள் எல்லாரும் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கேட்காமலே அவளுக்கென்று ஆமி சுட்ட கதையொன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். பேசாமல் குனிந்து இருந்தால் போதும், வியாழக்கிழமையைப் பற்றி ஒருத்தரும் ஒருநாளும் கேட்கப் போவதில்லை. கைப்பேசியை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"வியாழக்கிழமை நெஞ்சு இறுக்குது எண்டு எனக்குச் சொன்னவர். நான்தான் வாய்வு எண்டு விட்டிட்டன். டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போகேல்லை. என்ரை பிழை, தம்பி."

கொக்குவில் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் கேட்டது.

"விளங்குது அண்ணி," என்றான் இராசரத்தினம். "பக்கத்திலை ஆரும் நிக்கினம்போலை. ஆர் கேட்டாலும் இப்பிடியே சொல்லுங்கோ. போனிலை இதுக்கு மேலை வேண்டாம்."

லைன் அறுந்தது.

இல்லை தம்பி, நான் ஒன்றையும் மறைக்கவில்லை என்று வெறும் கைப்பேசிக்குச் சொன்னாள். அன்னபாக்கியத்தின் கையைப் பிடித்து, மச்சாள், நான் சொன்னது சத்தியம், அவர் எனக்குச் சொன்னவர் என்றாள். அன்னபாக்கியம் கண் கலங்க, ஓம் ஓம் என்று அவள் தலையைத் தடவினாள். மற்றப் பெண்களும் தலையை ஆட்டினார்கள். அப்போதுதான் அருந்ததிக்கு அழுகை வந்தது. நான்தான், நான்தான் என்று வாய்விட்டு, மண்டபம் அதிர அழுதாள்.

அழுகை தெருவுக்குக் கேட்கும் என்று அன்னபாக்கியம் அவசரமாக எழுந்து வாசலுக்குப் போனாள். வெளியே ஓட்டோவிலிருந்து யாரோ ஒரு ஆள் காலை இழுத்து இழுத்து இறங்கிக்கொண்டிருந்தார். நேற்று ஓடிய காலோடு வந்த மர்ஸூக்கை அவள் முன்பின் கண்டதில்லை, உளவு பார்க்க வந்த ஆள் என்று நினைத்தாள். தெருவை இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டு, கதவைச் சாத்தி உள்ளே கொண்டியைப் போட்டாள்.